லீச் இட்ட பெயர்கள்

நண்டும் இறாலும் அடங்கிய கிரஸ்டேசியா பிரிவில் ஐசோபாடுகள் என்றொரு பெருங்கூட்டம் உண்டு. தட்டையான உடல், ஏறத்தாழ ஒரே அளவிலான ஏழு இணைக் கால்கள், காம்பில்லாமல் தலையோடு ஒட்டிய கண்கள் ஆகியவை இவற்றின் அடையாளம். தோட்டத்தில் ஈரமான கல்லைப் புரட்டினால் சிதறி ஓடும் சாம்பல் நிறச் சிற்றுயிர்கள் சில, இவற்றின் நிலத்து உறவினர். ஆனால், இக்கூட்டத்தில் பல கடலில் வாழ்பவை. அவற்றுள் சிரோலானிடே என்னும் குடும்பத்தில் மட்டும் சுமார் 500 இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. இறந்த மீனையும், வலையில் சிக்கித் தப்ப முடியாத மீனையும் ஓர் இரவுக்குள் எலும்புக்கூடாக்கிவிடும் துப்புரவாளர்கள் இவை.

அறிவியல் பெயர் என்றால் அதற்குக் கிரேக்கத்திலோ இலத்தீனிலோ ஒரு பொருள் இருக்கும் என்பது பொது எண்ணம். சிரோலானா என்ற சொல்லுக்கு அவ்விரு மொழிகளிலும் பொருள் கிடையாது. அது ஒரு பெண்ணின் பெயர். கரோலினா என்ற பெயரின் எட்டு ரோமன் எழுத்துகளையும் இடம் மாற்றி அடுக்கினால் சிரோலானா வரும். இந்த எழுத்து விளையாட்டை ஆடியவர் வில்லியம் எல்ஃபோர்டு லீச். தம் காலத்தில் கிரஸ்டேசியா ஆய்வில் உலகின் முதன்மையான அறிஞராக மதிக்கப்பட்ட அவர், முப்பது வயதில் நரம்புத் தளர்ச்சியால் முடங்கி, நாற்பத்தைந்தாம் வயதில் அயல்நாட்டில் இறந்தார்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பிளிமத் துறைமுக நகரில், வழக்குரைஞர் ஒருவரின் மகனாக 1791 பிப்ரவரி 2 அன்று லீச் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே எக்ஸிட்டர் மருத்துவமனையில் மருத்துவத் தொழில் பழக அனுப்பப்பட்டார். உடற்கூறியலும் வேதியியலும் கற்ற நேரம் போக, டெவன் கரையோரம் நண்டும் சிப்பியும் தேடுவதே அவருக்கு வேலை. பதினேழு வயதில் லண்டன் புனித பார்த்தலோமியோ மருத்துவமனை, பிறகு எடின்பரோ பல்கலைக்கழகம் என்று படிப்பு தொடர்ந்தது. மருத்துவப் பட்டத்தை மட்டும் தாம் ஒருநாளும் படித்திராத செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பெற்றார். அக்காலத்தில் அது முறைகேடு அல்ல. தகுதிச் சான்றுகளைப் பார்த்துப் பட்டம் தரும் வழக்கம் அங்கே இருந்தது. பட்டம் பெற்ற பின்னர் அவர் மருத்துவத்தின் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

1813-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுத் துறையில் உதவி நூலகர் என்ற பதவிப் பெயரோடு பணியில் அமர்ந்தார். நூல்களோடு அவருக்கு வேலை இல்லை. விலங்குகளின் சேகரிப்பு முழுவதும் அவர் பொறுப்பு. அறுபது ஆண்டுகளுக்கு முன்பு சர் ஹான்ஸ் ஸ்லோன் நாட்டுக்கு விட்டுச்சென்ற சேகரிப்பு அது. விட்டுச்சென்றதை வாங்கி வைத்துக்கொண்ட நாடு, அதைப் பராமரிக்க வேண்டும் என்பதை மறந்திருந்தது. பாடம் செய்யப்பட்ட விலங்குகளைப் பூச்சி அரித்திருந்தது. பல மாதிரிகளில் எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்புகூட இல்லை. பொதுச் சொத்தைப் பெறுவதில் அரசுகள் காட்டும் ஆர்வத்தை அதைப் பேணுவதில் காட்டுவதில்லை. பொருளியல் வகுப்பில் இதற்கு நான் எடுத்துக்காட்டுகள் தேடி அலைந்ததே இல்லை. வகுப்பறையின் கூரையைப் பார்த்தால் போதும்.

லீச் அசுர வேகத்தில் வேலை செய்தார். பெட்டி பெட்டியாகத் திறந்து, பிரித்து, பெயரிட்டு, அடுக்கினார். நாட்டில் காணப்படும் பாலூட்டிகள், பறவைகள் ஆகியவற்றின் மாதிரிகளுக்கு 1816-இல் முறையான பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டில், இருபத்தைந்து வயதில், ராயல் கழகத்தின் உறுப்பினரானார். மெலிந்த உடலும் துறுதுறுப்பும் கொண்டவர். கூடத்தின் நடுவில் நின்ற பாடம் செய்த வரிக்குதிரையை ஓடிவந்து தாண்டிக் குதிப்பது அவருடைய உடற்பயிற்சி என்று அருங்காட்சியக வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

அவர் செய்த இன்னொரு காரியமும் அந்த வரலாற்றில் உண்டு. மக்கிப்போனவை என்று தாம் கருதிய ஸ்லோன் கால மாதிரிகளை, அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் அவ்வப்போது குவித்துத் தீயிட்டார். அதைத் தகனம் என்று வேடிக்கையாகச் சொல்லவும் செய்தார். அழுகியதை அகற்றத்தான் வேண்டும் என்று அவருக்காக வாதாடலாம். ஆயினும், முந்தைய அறிஞர்கள் எந்த உடலை முன்வைத்து ஓர் இனத்தை விவரித்தார்களோ அந்த உடலுக்கு மாற்று கிடையாது. எரித்தது எதுவாக இருந்தது என்று பின்னால் யாரும் சரிபார்க்க முடியாது. ஒழுங்குபடுத்த வந்தவரின் பொறுமையின்மை என்றே இதை நான் கருதுகிறேன்.

அவருடைய பெரிய பணி தாளில் நடந்தது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்த முறையில், நண்டு, சிலந்தி, பூரான், வண்ணத்துப்பூச்சி அனைத்தும் பூச்சிகள் என்னும் ஒரே வகுப்பில் கிடந்தன. ஐசோபாடுகளுக்குத் தனி இடமே இல்லை. கல்லுக்கடியில் வாழ்வதும் மீனின் உடலில் வாழ்வதும் ஒரே பேரினத்தின் கீழ் எழுதப்பட்டிருந்தன. பிரான்சில் குவியே, லத்ரேய் முதலியோர் உடலமைப்பு முழுவதையும் ஒப்பிட்டுப் பிரிக்கும் இயற்கை முறையை வளர்த்துக்கொண்டிருந்தனர். இங்கிலாந்தில் லின்னேயஸின் சொல்லை மீறுவது ஏறத்தாழ அவமதிப்பாகக் கருதப்பட்டது. பிரெஞ்சுக்காரர்களோடு நாடு போரில் இருந்த காலம் வேறு. லீச் பிரெஞ்சு முறையைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார். லின்னேயஸ் பூச்சிகள் என்று ஒன்றாக வைத்ததை, கிரஸ்டேசியா, பல்காலிகள், சிலந்தி இனம், பூச்சிகள் என்று நான்கு வகுப்புகளாகப் பிரித்து அட்டவணைப்படுத்தினார். பூரானையும் மரவட்டையையும் சேர்த்துப் பல்காலிகள் எனத் தனி வகுப்பாக நிறுத்தியவர் அவரே. நண்டைப் போலக் காம்பின் மேல் கண் உடையவை ஒருபுறம், ஐசோபாடுகளைப் போலக் காம்பில்லாத கண் உடையவை மறுபுறம் என்று கிரஸ்டேசியாவிலும் ஒரு கோடு கிழித்தார்.

இதெல்லாம் வெறும் பெயர் மாற்றம் என்று தோன்றலாம். நாட்டு வருமானக் கணக்கைப் பார்த்துப் பழகிய எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. வீட்டு வேலையை எந்தத் தலைப்பில் வைப்பது, வைக்காமல் விடுவது என்பதில் ஒரு நாட்டின் வருமானமே மாறிப்போகிறது. எதை எதனோடு சேர்த்து எண்ணுவது என்பது முடிவான பிறகுதான் எண்ணுவதற்கே பொருள் வருகிறது. மீனின் உடலில் ஒட்டி வாழும் உயிரையும் தோட்டத்து ஈரத்தில் வாழும் உயிரையும் ஒரே பெயரால் அழைக்கும் வரை, இரண்டின் வாழ்வையும் யாரும் விளங்கிக்கொள்ள முடியாது.

இந்தப் பணியில் லீச்சுக்கு வாய்த்த துணைவர் ஜான் கிராஞ்ச். எக்ஸிட்டரில் 1785-இல் பிறந்து, எட்டு வயதில் ஆதரவற்றவராகி, உறவினரால் காலணி தைக்கும் தொழிலில் விடப்பட்டவர். வேலை முடிந்த பொழுதுகளில் தாமே இலத்தீனும் பிரெஞ்சும் படித்தார். மீனவர்களோடு படகில் சென்று, கடலடியை வலையால் அரித்து, கிடைத்த உயிர்களைச் சேகரித்தார். பிறப்பும் பணமும் இல்லாதவர்களுக்கு அறிவியல் கழகங்களின் வாயில் திறக்காத காலம் அது. லீச் அவரை அருங்காட்சியகத்துக்காகச் சேகரிப்பவராக அமர்த்திக்கொண்டார். 1816-இல் கேப்டன் டக்கி தலைமையில் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றை ஆராயக் கடற்படைப் பயணம் ஒன்று புறப்பட்டபோது, அதில் விலங்கியல் சேகரிப்பாளராகக் கிராஞ்ச் சென்றார். அந்தப் பயணம் காய்ச்சலால் சிதைந்தது. தலைவர் டக்கி, தாவரவியலாளர் கிறிஸ்டன் ஸ்மித் உட்படப் பலர் இறந்தனர். கிராஞ்ச் அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார், வயது முப்பத்தொன்று.

அவர் சேகரித்து அனுப்பிய புட்டிகள் மட்டும் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைத் திறந்து ஆராய்ந்தவர் லீச். கண்ணாடி போன்ற உடல் கொண்ட கணவாய் ஒன்றுக்குக் கிராஞ்சியா என்று 1817-இல் பெயரிட்டார். அந்த ஒரு பேரினத்தைத் தவிர, பத்தொன்பது இனங்களுக்கும் இறந்த நண்பரின் பெயரைச் சூட்டினார்.

1818-இல் பாரிசில் வெளிவந்துகொண்டிருந்த இயற்கை அறிவியல் அகராதியின் பன்னிரண்டாம் தொகுதியில், மீன்களைச் சார்ந்து வாழும் ஐசோபாடுகளைப் பற்றிய கட்டுரையை லீச் எழுதினார். வாட்டர்லூ போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆங்கிலேய அரசு ஊழியர் ஒருவரின் ஆய்வு பிரெஞ்சு அகராதியில் இடம்பெற்றது. அந்தக் கட்டுரையில்தான் ஒன்பது புதிய பேரினங்கள் தோன்றின: சிரோலானா, கொனிலெரா, நெலோசிரா, ரோசினெலா, அனிலோக்ரா, நெரோசிலா, ஒலென்சிரா, கனோலிரா, லிவோனெகா. கரோலின் அல்லது கரோலினா என்ற பெயரின் எழுத்துகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கியவை இவை.

எழுத்துகளைக் கலைப்பது அவருக்குப் புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் கூக்கபரா என்னும் பெரிய மீன்கொத்திக்கு, மீன்கொத்தியின் இலத்தீன் பெயரான அல்செடோவைக் கலைத்து டசெலோ என்று 1815-இலேயே பெயரிட்டிருந்தார். அது வேடிக்கை. ஒரே கட்டுரையில் ஒரே பெண்ணின் பெயரை ஒன்பது முறை எழுதுவது வேறு வகை. அந்தப் பெண் யார் என்பதை அவர் எங்கும் சொல்லவில்லை. அன்றைய இளவரசரைப் பிரிந்து வாழ்ந்த மனைவி கரோலினாக இருக்கலாம் என்று பின்னாளில் சிலர் ஊகித்தார்கள். சான்று இல்லாத ஊகம் அது. எனக்கு ஏற்புடையதாகவும் இல்லை. இளவரசியைப் போற்ற நினைப்பவர் பெயரை மறைத்து வைக்க மாட்டார், அச்சிட்டுக் காணிக்கையாக்குவார்.

அந்தக் கட்டுரையில் சிரோலானா என்ற பேரினத்தின் கீழ் அவர் விவரித்த இனத்தின் பெயர் சிரோலானா கிராஞ்சி. கரோலினும் கிராஞ்சும் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டார்கள். இது உணர்ச்சிக்குரிய செய்தி மட்டுமல்ல. வகைப்பாட்டு விதிகளில் இதற்கு ஓர் எடை உண்டு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பேரினத்தின் மேலும், ஒவ்வொரு பேரினமும் வகைமாதிரி எனப்படும் ஓர் இனத்தின் மேலும் நிற்கும். பின்னாளில் எத்தனை இனங்களைப் பிரித்தாலும் சேர்த்தாலும், குடும்பப் பெயர் அந்த வகைமாதிரி இனம் இருக்கும் பக்கத்தோடுதான் போகும். சிரோலானிடே குடும்பம் சிரோலானா பேரினத்தின் மேலும், சிரோலானா பேரினம் சிரோலானா கிராஞ்சியின் மேலும் நிற்கின்றன. ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த உயிரே குடும்பம் முழுமைக்கும் கடைக்கால்.

இதற்குப் பிறகு லீச்சின் கையிலிருந்து அதிகம் வரவில்லை. காம்புக் கண் உடைய பிரிட்டிஷ் நண்டு இனங்களைப் பற்றி, ஜேம்ஸ் சவர்பியின் வண்ணப் படங்களோடு 1815 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூல் பாதியில் நின்றது. மெல்லுடலிகளைப் பற்றிய நூல் பெரும்பகுதி அச்சாகியும் வெளிவரவில்லை. 1821-இல் அளவு மீறிய உழைப்பின் விளைவாக அவருக்கு நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டது. ஆய்வைத் தொடர முடியவில்லை. 1822 மார்ச்சில் பதவியிலிருந்து விலகினார். எட்டரை ஆண்டுகளில், ஒரு துறை முழுவதற்கும் உரிய வேலையை ஒற்றை ஆள் செய்ததன் விலை அது. அவருக்கு மேலிருந்தவர்கள் இன்னும் இரண்டு உதவியாளர்களை அமர்த்தியிருந்தால் செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்ற கேள்வியை அருங்காட்சியகக் கணக்கர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த இடத்துக்கு விலங்கியலில் தேர்ந்த வில்லியம் ஸ்வைன்சன் விண்ணப்பித்தார். பதவியோ வேதியியலிலும் கனிமவியலிலும் நாட்டமுடைய ஜான் ஜார்ஜ் சில்ட்ரனுக்குப் போயிற்று. செல்வாக்குள்ள ஹம்ப்ரி டேவி அவருக்குத் துணை நின்றார். நம் கல்லூரி, பல்கலைக்கழக நியமனங்களை அருகிலிருந்து பார்த்தவர்கள் இதில் வியக்க ஒன்றுமில்லை.

மூத்த சகோதரி ஜேன், லீச்சை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். இத்தாலியிலும் சிறிது காலம் மால்டாவிலும் இருவரும் வாழ்ந்தனர். ஆய்வுக் கட்டுரைகளில் லீச்சின் பெயர் அடிக்கடி வந்துகொண்டிருந்தது, அவர் வரவில்லை. 1836-இல் வட இத்தாலியில் காலரா பரவியது. ஜெனோவாவுக்கு வடக்கே, தோர்தோனாவை அடுத்த சான் செபஸ்தியானோ குரோனே என்னும் சிற்றூரில் ஆகஸ்ட் 25 அன்று அந்நோய் அவரைக் கொண்டுபோயிற்று.

முடிக்காமல் விட்ட வேலைகளைப் பிறர் முடித்தனர். இளைஞராக அவரிடம் வேலை பழகிய ஜான் எட்வர்டு கிரே, மெல்லுடலி நூலை 1852-இல் வெளிக்கொணர்ந்தார். நண்டு நூலைச் சவர்பி குடும்பத்தின் பின்தோன்றல் ஒருவர் 1875-இல் நிறைவு செய்தார். தொடங்கி அறுபது ஆண்டுகள். அதே 1852-இல், அமெரிக்கக் கடற்படையின் உலக ஆய்வுப் பயணத்தில் கிடைத்த கிரஸ்டேசியாக்களைப் பற்றி ஜேம்ஸ் டுவைட் டேனா எழுதியபோது சிரோலானாவைத் தலைமையாகக் கொண்டு தனிக் குழுவை அமைத்தார். லீச் ஒன்றாக வைத்திருந்தவை இப்போது மூன்று குடும்பங்களாகிவிட்டன. இறந்ததைத் தின்பவை சிரோலானிடே. மீனின் மேல் ஏறி இரத்தம் உறிஞ்சிவிட்டு இறங்கிவிடும் ஈஜிடே குடும்பத்தில் ரோசினெலா இருக்கிறது. மீனோடே ஒட்டி வாழ்ந்து முடிக்கும் சைமோதோயிடே குடும்பத்தில் அனிலோக்ரா, நெரோசிலா, ஒலென்சிரா, லிவோனெகா ஆகியவை இருக்கின்றன. இந்தக் கடைசிக் குடும்பத்தின் உயிர்கள் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறுபவை. நெலோசிராவும் கனோலிராவும் தனிப் பேரினங்கள் அல்ல என்று பின்வந்தோர் தள்ளிவிட்டனர்.

நெரோசிலா நம் கரையிலும் உண்டு. வங்கக் கடலில் பிடிபடும் மீன்களின் உடலிலும் துடுப்பிலும் அது ஒட்டியிருப்பதைப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆழ்கடலில் சிரோலானிடே குடும்பத்தின் பேருருவங்கள் வாழ்கின்றன. மெக்சிகோ வளைகுடாவில் கிடைத்த, ஓர் அடிக்கும் மேல் வளரக்கூடிய பாத்தினோமஸ் என்பதை 1879-இல் மில்ன் எட்வர்ட்ஸ் விவரித்தார். அதே பேரினத்தில் ஜாவாவின் மேற்குப் பகுதிக்கு அப்பால் கிடைத்த பெரிய இனம் ஒன்றுக்கு 2020-இல் ரக்சாசா என்று பெயர் வைத்தார்கள். இந்தோனேசிய மொழியில் அது பேருருவைக் குறிக்கும் சொல், நம் ராட்சசன்தான். சான்சிபார் பவளத்திட்டில் கண்ட ஒரு சிரோலானாவுக்கு, அத்தீவில் பிறந்த பாடகர் பிரெடி மெர்க்குரியின் பெயர் 2004-இல் சூட்டப்பட்டது. லீச்சின் விளையாட்டைத் தொடர்ந்தவர்களும் உண்டு. டென்மார்க்கின் ஹான்சன் 1890-இல் அதே எழுத்துகளை மறுபடி கலைத்து லனோசிரா என்றார். நட்டடோலானா, பொலிட்டோலானா என்று பின்வந்தவர்கள் வாலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

விலங்குப் பெயர்களை ஆளும் விதி முந்துரிமை விதி. முதலில் முறைப்படி வெளியான பெயரே நிலைக்கும். அந்த விதி லீச்சிடம் ஒரு கையால் எடுத்தது. மறு கையால் கொடுத்தது. 1819-இல் புல்லக் என்பவரின் காட்சியகம் ஏலம் போனபோது, செயின்ட் கில்டா தீவில் பிடிபட்ட கடற்பறவை ஒன்றை அவர் அருங்காட்சியகத்துக்காக வாங்கினார். டச்சு அறிஞர் டெம்மிங்க் அதற்கு லீச்சின் பெயரை 1820-இல் வைத்தார். ஆனால், பிரான்சின் வியேயோ அதே பறவைக்கு இரண்டாண்டு முன்பே வேறு பெயர் இட்டிருந்தார். அதனால், ஆங்கில வழக்கில் மட்டும் அது இன்றும் லீச்சின் பறவை. அறிவியல் பெயரில் அவர் இல்லை. கரோலினின் பெயரை அவருக்கு முன் யாரும் எழுதியிருக்கவில்லை. எனவே, அதை யாராலும் நீக்க முடியவில்லை. பெயருக்குக் காரணம் கேட்பது அந்த விதியின் வேலையும் அல்ல.

விதி இன்னொன்றையும் பாதுகாத்திருக்கிறது. ஒன்பது பெயர்களில் லிவோனெகா மட்டும் கணக்குக்கு வராது. அது லிரோனெகா என்று இருந்திருந்தால் கரோலினின் எழுத்துகள் சரியாக அமைந்திருக்கும். அச்சுக் கோத்தவர் கையெழுத்தைத் தவறாகப் படித்து, ஆர் என்ற எழுத்துக்குப் பதிலாக வி-யைக் கோத்துவிட்டார் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிழை என்பதற்கான சான்று அந்த மூல வெளியீட்டுக்குள்ளேயே இருந்தால்தான் திருத்த முடியும் என்கிறது விதி. லீச் கரோலினைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆகவே சான்று இல்லை. லிரோனெகா என்று திருத்தி எழுதியவர்களும் மீண்டும் பழைய பெயருக்கே திரும்ப வேண்டியதாயிற்று. எட்டுப் பெயர்களில் அவள் முழுமையாக இருக்கிறாள். ஒன்பதாவதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.